உங்கள் பெயரில் காட்டிய பொய்க்கோடு

என் ஜாய்ஸ் அக்காவுக்கு,

காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள், திரும்பவில்லை. நாலு மாதமாகிறது. நல்ல சேதி எழுதத்தான் ஆசை. ஆனால் வாயெல்லாம் கசக்கிறது அக்கா.

போன மாதம் அல்லிநகரத்தில் ஒரு மண்டபம் எடுத்து உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். போடியிலிருந்து உங்கள் அம்மா ஏலக்காய்க் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். நம் இயற்பியல் துறைத்தலைவர் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டு, இதுதான் ஜாய்ஸின் கடைசிச் சாதனை என்றார். மண்டபமே கைதட்டியது. நீங்கள் கையெழுத்துப் போட மறுத்த அதே வரைபடம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மிக வேகமாக வரும் புரோட்டான் ஈயத்தின் அணுக்கருவில் மோதினால், கரு சிதறி நியூட்ரான்களை உதிர்க்கும். எத்தனை உதிரும், எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் என்று கணினியில் லட்சக்கணக்கான மோதல்களை நடத்திப் பார்ப்பதுதான் நம் வேலை. அந்த நியூட்ரான்களை வைத்து உலோகத்தின் உள்ளே பார்க்கலாம். அணுக்கழிவின் ஆயுளைக் குறைக்க முடியுமா என்று சோதிக்கலாம். அதற்கு ஓர் ஆய்வுக்கூடம் கட்ட நினைத்தவர்கள், கான்கிரீட் சுவர் எவ்வளவு கனம் வேண்டும் என்று நம்மிடம் கேட்டிருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஆட்கள் வேலை செய்வார்கள்; நியூட்ரான் அவர்கள் உடம்பில் பட்டால் ஆபத்து.

சோதனையில் அளந்ததைவிட நம் கணக்கு குறைவாக நியூட்ரான் காட்டியது. மோதலின் முதல் கட்டத்தையே திருத்தி எழுத வேண்டும் என்றீர்கள். தலைவருக்குப் பொறுமையில்லை. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கிவிடச் சொன்னார். மொத்தம் பொருந்தியது. வேகமான நியூட்ரான்கள் மட்டும் இன்னும் குறைவாகவே இருந்தன; சுவரைத் துளைத்து வருபவை அவைதான். மாட்டேன் என்று எழுந்து போனீர்கள். அந்த எண்ணைக் கணினியில் அடித்தது நான். என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் உங்கள் அம்மா என்னிடம் வந்தார்.

"ஆத்தா, படம் போட்டாகளே, அது என் மக போட்ட கணக்குத்தானா? கடைசியா வீட்டுக்கு வந்தப்ப, தப்புக் கணக்குக்குக் கையெழுத்துக் கேக்குறாகன்னு சொன்னாளே."

தலைவர் பக்கத்திலேயே நின்றார்.

"இல்லம்மா," என்றேன். "அக்கா அத வேண்டாம்னுதான் சொன்னாக. போட்டது நான்."

தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இறந்தவருக்குச் செய்யும் மரியாதையைக் கெடுக்காதே என்றார். மரியாதையாம். நாளைக்குச் சுவர் போதவில்லை என்றால் பழி போட உங்கள் பெயர் இருக்கும். பதில் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள். அதற்கு ஒரு மாலை வேறு.

மறுநாள் காலையிலேயே, நான் செய்ததை ஒளிக்காமல், கூடம் கட்டுபவர்களுக்கு எழுதினேன். திட்டத்தை நிறுத்திவிட்டு வேறு கணக்குக் கேட்டிருக்கிறார்கள். என்னைக் கணினி அறையிலிருந்து எடுத்து முதலாண்டு ஆய்வகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. அன்று கைதட்டியவர்கள் இப்போது காபி குடிக்கும்போது வந்து, எங்களுக்கும் அப்பவே தெரியும் என்கிறார்கள். தெரிந்துமா தட்டினீர்கள் என்று கேட்க வாய்வரை வருகிறது. ஆனால் நானும் முன்வரிசையில் பேசாமல்தானே உட்கார்ந்திருந்தேன்? உங்கள் அம்மா கேட்காமல் போயிருந்தால்?

எழுந்து போன அன்று வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அது கோபமா, இல்லை நானும் வருவேன் என்று நினைத்தீர்களா?

மார்க்கையன்கோட்டை வீட்டில், என் பழைய லேப்டாப்பில், முதல் கட்டத்தைத் திருத்த ஆரம்பித்திருக்கிறேன். ஒரு மோதலுக்கே முக்கி முனகுகிறது. எத்தனை காலம் ஆனாலும் முடிப்பேன். அளந்ததோடு ஒட்டாத இடத்தை ஒட்டாததாகவே காட்டுவேன். அதுவரை எந்தத் தாளிலும் உங்கள் பெயரைப் போட எவரையும் விடமாட்டேன், என்னையும் சேர்த்து.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
தமிழரசி