மார்க் கூட்டும்போது

13 ஜூன் 1994
இங்கிலீஷ் மீடியம் ஆறாம் வகுப்பில் இந்த வருடம் நாற்பத்தாறு பேர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் இருபது பேர்கூட இல்லை. மற்றவர்கள் பள்ளியைச் சுற்றியுள்ள மண்டி மொஹல்லாப் பேட்டையின் உருது, மார்வாடி, தெலுங்கு. புதிதாகக் கட்டட வேலைக்கு வந்தவர்களின் தமிழ். எல்லோருக்கும் சேர்த்து நான் இங்கிலீஷைக் கன்னடத்தில்தான் விளக்குகிறேன். இங்கே தமிழர்களை அடித்து விரட்டிய தொண்ணூற்றொன்று கலவரத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசுவதை விட்டுவிட்டேன். தமிழா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வம்பு எதற்கு.

2 ஜூலை
என் வகுப்புப் பஞ்சவர்ணத்தின் அப்பா பழனி வந்தார். கொத்தனார், தர்மபுரிப் பக்கம். "படிப்பு வரலைன்னா சொல்லிடுங்க மேடம், சித்தாள் வேலைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று அரைகுறைக் கன்னடத்தில் சொன்னார். நான் முழுக் கன்னடத்தில் பதில் சொல்லி அனுப்பினேன். பதினோரு வயதுப் பெண்.

9 ஆகஸ்ட்
முதல் டெஸ்ட். வகுப்பிலேயே உட்கார்ந்து திருத்தினேன். மூன்று முறை கூட்டினால்தான் எனக்குத் திருப்தி. பஞ்சவர்ணம் நூற்றுக்கு 54. பரவாயில்லை, என் பாடம் போய்ச் சேருகிறது.

23 ஆகஸ்ட்
பஞ்சவர்ணமும் பக்கத்தில் இருக்கும் ஷாஹீனும் பாடம் நடக்கும்போது ஓயாத குசுகுசு. இன்று பிரித்துவிட்டேன். பஞ்சவர்ணம் முதல் பெஞ்சு, ஷாஹீன் கடைசி பெஞ்சு. வகுப்பு அமைதி.

30 செப்டம்பர்
அரையாண்டில் பஞ்சவர்ணம் 17. "முன்னாடி காப்பி அடிச்சிருக்கா" என்றார் ஹெட்மாஸ்டர் பசவராஜ். எனக்கும் அப்படித்தான் பட்டது. ரிஜிஸ்டரிலும் எழுதிவிட்டேன். தசரா லீவுக்குப் பிறகு கன்னட மீடியத்துக்கு மாற்றுகிறார்களாம். கன்னடமே தெரியாத பிள்ளை. பழனி எங்கே கூட்டிப் போவார் என்று தெரியும்.

3 அக்டோபர்
ஷாஹீன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "அவ காப்பி அடிக்கல மிஸ். நீங்க கன்னடத்துல சொல்றதை நான் அவளுக்குத் தமிழ்ல சொல்லுவேன்." அவள் வீட்டுக்கு ஊதுபத்தி உருட்ட வரும் பெண்களிடம் கற்ற தமிழாம்.

அந்தக் குசுகுசு தமிழா? ரெண்டு மாசம் என் காது எங்க போச்சு? விழாத மாதிரி இருந்து இருந்து, நிஜமாவே விழாமப் போயிடுச்சு. நான் செய்ய வேண்டிய வேலையை ஒரு சின்னப் பிள்ளை செஞ்சிருக்கு — நான் அதைக் கெடுத்திருக்கேன். வெக்கமா இருக்கு.

5 அக்டோபர்
ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சி, அவர் எதிரிலேயே வாய்மொழியாகக் கேள்வி கேட்க அனுமதி வாங்கினேன். ஜூலையில், இருவரையும் பிரிப்பதற்கு முன் நடத்திய கதை. பஞ்சவர்ணம் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்தக் கட்டடத்துக்குள் தமிழ் பேசினேன். "பயப்படாத கண்ணு. அந்தப் பையன் ஏன் வீட்டுக்குத் திரும்பி வந்தான்?"

இங்கிலீஷில் பதில் சொன்னாள். தப்பும் தவறுமாக, ஆனால் முழுக் கதையையும். பசவராஜ் ரிஜிஸ்டரை என் பக்கம் நகர்த்தினார். "இங்கேயே படிக்கட்டும்" என்றார். என் தமிழைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ரிஜிஸ்டரில் எழுதியதை அடித்தேன்.

24 அக்டோபர்
லீவு முடிந்தது. இருவரும் மறுபடி ஒரே பெஞ்சு. எனக்குத் தமிழ் தெரியும் என்றதும் ஆச்சரியமாக இருந்ததா என்று பஞ்சவர்ணத்திடம் கேட்டேன்.

"இல்ல மிஸ். முதல் டெஸ்ட்லயே தெரியும். மார்க் கூட்டறப்போ நீங்க தமிழ்லதான் முணுமுணுப்பீங்க."

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்து கேக்கல?"

"நீங்க யார்கிட்டயும் சொல்லலயே மிஸ். அதான் நாங்களும் யாரும் சொல்லல."

நாங்களும். அப்படியென்றால் நாற்பத்தாறு பேரும் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதில் இவளுக்குப் போனது முப்பத்தேழு மார்க்.