மர யோயோவில் ஒரு முடிச்சு

உன் யோயோவில் சாம்பிராணி வாசனை ஏறியிருக்கிறது. இன்று உனக்கு வருஷப் படையல். வடைக்கும் புதுச் சட்டைக்கும் நடுவே, உன் படத்தின் முன்னால் உன் அம்மா அதை வைத்திருந்தார். கும்பிட்டு முடித்ததும் என்னிடம் கொடுத்துவிட்டார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கு அடியிலிருந்து நீ தோண்டியெடுத்தது. சிவப்புச் சாயம் பாதி உரிந்த மரம். இந்த வயதில் பொம்மையா என்று கேட்டேன்.

"இது உன் தாத்தனுக்கே தாத்தன்டா மச்சான். மரியாதையா பேசு."

தாம்பரம் வரும்வரை ரயிலில் அதன் கதைதான். பழைய கிரேக்கக் கிண்ணமொன்றில் இதைச் சுழற்றும் பையனின் ஓவியம். புரட்சிக்குப் பயந்து பிரான்சை விட்டோடிய பிரபுக்களின் கையிலும் இதுவே. அவர்கள் நூலை நடு அச்சில் முடிச்சிட்டார்கள்; இறங்கியதும் ஏறிவிடும். பிலிப்பைன்ஸ்காரர்கள் முடிச்சிடாமல் நூலை வளையமாக மாட்டினார்கள். யோயோ கீழேயே நின்று சுழன்றது. தூங்குகிறது என்பார்களாம்.

கதவருகே நின்று தூங்கவைத்தும் காட்டினாய். எதிரே இருந்த அக்கா காலை உள்ளிழுத்துக்கொண்டு நம்மைத் திட்டினார். நீ அவருக்கும் விளக்கத் தொடங்கினாய்.

பிறகு அந்தக் காலை. கேளம்பாக்கம் அலுவலகத்துக்கு வண்டியில் கிளம்பினாய். வண்டலூர் தாண்டிக் கொஞ்ச தூரம். ஒரு லாரி.

இன்று மாடியில் வீசிப் பார்த்தேன். உனக்காக ஒருமுறை தூங்கவைக்க வேண்டும். நிற்கவில்லை. உடனே ஏறி உள்ளங்கையில் அறைந்தது. மறுபடியும் அப்படியே. நூலை விலக்கிப் பார்த்தேன். அச்சில் இறுக்கமாக ஒரு முடிச்சு. அதன்மேல் இன்னொன்று.

காக்கைக்குச் சோறு வைக்க அம்மா மேலே வந்தார்.

"நூலு லூசா இருந்துச்சுப்பா. எங்கியாவது கழண்டு போய்டும்னு நான்தான் முடி போட்டேன். இப்ப பாரு, விட்டவுடனே வந்துடுது."

ஆமாம்மா என்றேன். இன்னொரு வாட்டி விடச் சொன்னார். விட்டேன். வந்தது. சோற்றுத் தட்டைப் பிடித்தபடி அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் கீழே போனபின் முடிச்சில் நகத்தை வைத்தேன். அவிழும். வளையமாக மாட்டிவிட்டால் நீ வீசியபோது போலவே கீழே நின்று சுழலும்.

அவிழ்க்கவில்லை. பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த முறை உன் வீட்டுக்குப் போகும்போது அம்மா வீசச் சொல்வார்.