அம்மாவுக்கே தெரியாது

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் லேசான குளிர். மின்விசிறி ஒன்றில் வைத்தால் போதும். ரஜாய்ப் போர்வை மூன்றையும் மொட்டை மாடியில் காயப்போட வேண்டும்.

வாங்க:
புது வெல்லச் சந்தேஷ் இனிப்பு (ஷுக்லாதிக்கு)
பால் கூடுதலாக இரண்டு பாக்கெட்
அவருடைய மாத்திரை
டிவி ரீசார்ஜ். மறக்கவே கூடாது.

சாயங்காலம் ஏழு மணிக்கு நித்யா டிவியில். வங்காளிச் சேனல், நேரலை. "அரசு உதவித் தொகை: கஜானா தாங்குமா?" என்று தலைப்பு. அரசாங்கக் கணக்குகளை ஆராய்வதுதான் அவள் வேலை, ஆனால் டிவியில் உட்காருவது இதுதான் முதல் தடவை. டாலிகஞ்சில் தனி ஃபிளாட்டில் இருக்கிறாள். போன் செய்து, "அம்மா, நீல சாரியா, பச்சையா?" நீலம் என்றேன்.

அவர் மருந்துக் கடையில் சொல்லி, பேப்பர்காரனிடம் சொல்லி, லிஃப்டில் வந்த யாரோ ஒருத்தரிடமும் சொல்லியாயிற்று. மாடி வீட்டு ஷுக்லாதி நம் வீட்டில்தான் பார்க்கப்போகிறாள். தினமும் ஐந்து மணிக்கு ஃபில்டர் காபிக்கு வருகிறவள், இன்று ஏழு மணிக்கு.

நவம்பர் 24, திங்கள்

நேற்று ராத்திரி எழுத முடியவில்லை. ரஜாய்கள் மாடியிலேயே பனியில் கிடந்துவிட்டன. ஈரம்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். நித்யா நன்றாகத்தான் பேசினாள். அரசாங்கம் மாதாமாதம் எல்லாப் பெண்களுக்கும் பணம் போட்டுக்கொண்டே போனால் பள்ளிக்கூடத்துக்குக் கூரை யார் போடுவது, ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் யார், வாத்தியார்களுக்கு அகவிலைப்படி பாக்கி யார் கொடுப்பது என்று கேட்டாள். ஷுக்லாதி, "பாஹ், பாஹ்" என்று தொடையில் தட்டினாள். அவள் பள்ளி ஆசிரியை. பாக்கிக்காகத் தர்ணாவில் உட்கார்ந்து முட்டி போனவள்.

எதிரில் ஒரு பெண், ஏதோ மகளிர் சங்கம். பெண்கள் அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு ட்யூஷன் வைக்கிறார்கள், மருந்து வாங்குகிறார்கள் என்றாள். அதற்கு நித்யா சிரித்தாள். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, சின்ன வயசிலிருந்து சிரிக்கும் அதே சிரிப்பு.

"என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா. சொந்த ஃபிளாட், அப்பாவின் சேமிப்பு, நான் சம்பாதிக்கிறேன். அம்மாவுக்கும் மாதாமாதம் இந்தப் பணம் வருகிறது. எதற்கு? அதை வைத்து என்ன செய்கிறாள் என்று கேட்டால் அம்மாவுக்கே தெரியாது."

ஸ்டுடியோவில் எல்லாரும் சிரித்தார்கள். மகளிர் சங்கத்துப் பெண் கூட.

பிறகு தலைமுடி எண்ணெய் விளம்பரம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு இது தெரியாது. பணம் வருகிறது என்பதே தெரியாது. ஷுக்லாதி டபராவை மெல்லக் கீழே வைத்தாள். காபி பாதி அப்படியே இருந்தது. "முட்டி வலிக்குது, வரேன்" என்று எழுந்து போய்விட்டாள். சந்தேஷ் தட்டில் கை படவில்லை.

அவர் டிவியை அணைத்தார். "ஏளா, நெசமா?"

"ஆமா."

"எங்கிட்ட கேட்டா தரமாட்டனா?"

இதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. சொன்னால் அவர் தாங்க மாட்டார். அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

ரஜாய் மறுபடி மாடியில். வெயில் சுமார்.

நித்யாவிடம் நான்தான் சொன்னேன். துர்கா பூஜைக்கு முன்னால், கரியாஹாட் கடைத்தெருவில், ஜாக்கெட் துணிக் கடை வாசலில். பள்ளிக்கூடப் பெண் மாதிரி குசுகுசுவென்று: "எனக்கும் வருது, தெரியுமா? என் பேர்ல, என் அக்கவுண்ட்ல." கூட்டத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். "மா, யூ ஆர் சோ க்யூட்." எனக்கு எவ்வளவு சந்தோஷம் அன்றைக்கு. அவளுக்கு அன்றைக்கே ஓர் உதாரணம் கிடைத்திருக்கிறது.

பணத்துக்கான மனுவில் பொய் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. உங்களுக்கென்று வருமானம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது சத்தியம்.

அவர் கருமி இல்லை. அதையும் எழுதிவைக்கிறேன். கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்த காலம் முழுக்க, கேட்டதற்கு இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் கேட்க வேண்டும். கேட்கும்போது எதற்கு என்று சொல்ல வேண்டும். எண்ணெய்க்கு, சீயக்காய்க்கு, சங்கரன்கோவில் அத்தை மகள் கல்யாணத்துக்கு. எதற்கு என்று சொல்ல முடியாத ஒன்றை நான் ஆசைப்பட்டதே இல்லை, கல்யாணம் ஆனதிலிருந்து. ஆசைப்படவும் பழக்கம் வேண்டும் போல.

அம்மாவுக்கே தெரியாதாம்.

தெரியும். எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். மாதம் ஒரு தடவை, லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் பக்கத்தில், இங்கே கேபின் என்கிற சின்னச் சாப்பாட்டுக் கடையில், ஜன்னலோர மேஜையில் தனியாக உட்கார்ந்து ஃபிஷ் ஃப்ரை சாப்பிடுகிறேன். பேட்கி மீன். சூடாக. கசுந்திக் கடுகுச் சட்னி தொட்டு, வெங்காயமும் வெள்ளரியும் கடித்துக்கொண்டு. சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண், முட்டை கூட வாசல் தாண்டாத வீடு. முதல் மாதப் பணம் வந்த அன்று நல்ல மழை. ஒதுங்கத்தான் உள்ளே போனேன். பக்கத்து மேஜையில் சாப்பிட்டதைக் காட்டி, "அதே ஒண்ணு" என்றேன். இந்த ஊருக்கு வந்த நாள் முதல் எல்லார் ஜன்னலிலிருந்தும் என் மூக்குக்கு வந்த வாசனை, அன்றைக்குத்தான் வாய்க்கு வந்தது. ஷுக்லாதி எத்தனை வருஷமாகக் கேலி செய்கிறாள், "மீன்னா தண்ணிப் பழம்தானே, சாப்பிடு கோமதி" என்று. அவளிடம் கூடச் சொல்லவில்லை.

மிச்சம் அக்கவுண்டில் சும்மா கிடக்கும். அது கிடப்பதே நன்றாக இருக்கும்.

ட்யூஷன் இல்லை. மருந்து இல்லை. அந்த மகளிர் சங்கத்துப் பெண்ணும் என்னைக் காப்பாற்ற முடியாது.

நவம்பர் 26, புதன்

ஐந்து மணிக்கு இரண்டு டபரா எடுத்து வைத்தேன். ஆறு வரை பார்த்தேன். இரண்டையும் நானே குடித்தேன், இப்போது நெஞ்செரிச்சல்.

அவர் சாப்பாட்டில் குறை சொல்வதில்லை. பேசுவதும் இல்லை. வாட்ஸப்பில் இலவசங்களைத் திட்டி வரும் படங்களை எல்லாருக்கும் அனுப்புகிறவர், மூன்று நாளாக ஒன்றும் அனுப்பவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. மனுஷருக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

நவம்பர் 27, வியாழன்

மார்க்கெட். பட்டாணி வந்துவிட்டது, விலைதான் கை வைக்க விடவில்லை. காலிஃபிளவர் பரவாயில்லை.

கீரைக்காரியும் இன்னொருத்தியும் பேசிக்கொண்டிருந்தார்கள். "டிவியில பேசினாளே ஒரு சிறுக்கி, நீலப் புடவை. நம்ம காசு அவ கண்ணைக் குத்துதாம்."

"யாருகிட்டயாவது கையேந்தி நின்னிருந்தா தெரியும்."

"அவ வாய்ல புழு விழ."

என் வலியைத்தான் அவர்கள் பேசினார்கள், எனக்காகவே பேசின மாதிரி. இருந்தும் பாய்ந்து அவள் வாயைப் பொத்த வேண்டும் போல ஆத்திரம். என் பெண் நல்லவள் அம்மா, காய்ச்சலில் கிடந்த தெரு நாய்க்கு ராத்திரி முழுக்கப் பால் கொடுத்தவள், அந்தப் புடவை நான் சொல்லிக் கட்டினது என்று சொல்ல வேண்டும் போல. கீரை வாங்காமல் வந்துவிட்டேன்.

மாடிப்படியில் ஷுக்லாதி. கையில் என் எவர்சில்வர் டப்பா. போன வாரம் நான் எலுமிச்சம்பழச் சாதம் கொடுத்தனுப்பியது. கழுவித் துடைத்து நீட்டினாள். காலியாக.

எங்களுக்குள் டப்பா காலியாகப் போனதும் இல்லை, வந்ததும் இல்லை. வீட்டில் ஒன்றும் இல்லை என்றால் ஒரு சிட்டிகைச் சர்க்கரையாவது போட்டு அனுப்புவாள்.

"ஷுக்லாதி, கோபமா?"

"கோபம் இல்ல கோமதி. தர்ணா முடிஞ்சு வந்து உன் சோபாவுல உக்காந்து அழுதிருக்கேன். எம் பாக்கி எங்க போச்சுன்னு உன்கிட்டயே கேட்டேன். நீ காபி ஆத்திக்கிட்டு நின்னே."

"எனக்கு வர்றதாலயா உனக்கு வரல?"

"எனக்குத் தெரியாது. நான் கணக்கு டீச்சர் இல்ல. சொல்லியிருக்கலாம் நீ."

அவள் சொன்னதில் பிழை இல்லை. அவரும் அவளும் உட்கார்ந்து இலவசத்தைத் திட்டின அத்தனை சாயங்காலமும், தட்டு ஏந்திக்கொண்டு நான் நடுவில் நின்றேன். வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் மறுநாள் காபிக்கு வந்திருப்பாளா என்று பயம். இப்போதும்தான் வரவில்லை.

டப்பாவை உள்ளே வைக்க மனம் வரவில்லை. மேடையிலேயே இருக்கிறது.

நவம்பர் 29, சனி

நித்யா வந்தாள். வத்தக்குழம்பு, அப்பளம், காலிஃபிளவர் பொரியல். இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். சாப்பிடுகிற வரை ஒன்றும் கேட்கவில்லை. பசிக்கிற பிள்ளையிடம் சண்டை போட எனக்குத் தெரியாது.

பிறகு அவளே ஆரம்பித்தாள். "அம்மா, அப்பா சொன்னாரு நீ ஹர்ட் ஆயிட்டேன்னு. நான் உன்ன இன்சல்ட் பண்ணல. எக்ஸாம்பிள் தான் மா."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்லிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "இனிமே உன் பேச்ச எடுக்க மாட்டேன். ஆனா பாயிண்ட் கரெக்ட்தானே? உனக்கு என்ன மா கொற? நிஜமாவே தேவைப்படறவங்க இருக்காங்க."

பாயிண்ட் கரெக்ட். நான் எங்கே மறுத்தேன். போன வருஷம் வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளுக்குச் செருப்பு கூட இல்லை. நான் நின்றது நியாயமா என்று எனக்கே அன்றைக்குத் தோன்றியது. ஆனால் அதை நான் யோசிக்க வேண்டும், நானே விட வேண்டும். என் பெண் ஊர் கூட்டிச் சிரிக்கவைத்து விடவைக்கக் கூடாது.

இதெல்லாம் மனதுக்குள். வாயில் வந்தது: "மோர் ஊத்தட்டுமா?"

போகும்போது கட்டிக்கொண்டாள். எப்போதும் போல இறுக்கமாக. நானும் கட்டிக்கொண்டேன். அவளிடம் இனி ரகசியம் சொல்ல மாட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் தெருமுனை திரும்பும் வரை பால்கனியில் நின்று அழுதேன். அவள் கையாட்டினாள்.

டிசம்பர் 1, திங்கள்

குளிர் கூடிவிட்டது. அவருக்குத் தொண்டைக்கட்டு.

பணத்தை நிறுத்தச் சொல்லி வார்டு ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. அவரும் கூடவே வந்தார், வெளியே நின்றார். உள்ளே இருந்த பையன், "நிறுத்தணுமா? ஏன்?" என்று ஆச்சரியமாகக் கேட்டான். தேவையில்லை என்றேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எனக்கும் குளிர்தான் என்று அவன் நினைத்திருப்பான்.

வீடு வந்ததும் அவர் சுவாமி கும்பிட்டுவிட்டு அலமாரியைத் திறந்து நோட்டுகளை எடுத்தார். அதே தொகை. எல்லாம் புது நோட்டு, பேங்கில் கேட்டு வாங்கியிருக்கிறார். சமையல் மேடையில், அந்தக் காலி டப்பாவுக்குள் வைத்தார்.

"இனிமே ஒண்ணாந்தேதி நான் தாரேன். நீ கேக்கவே வேண்டாம். அரசாங்கம் குடுத்தா என்ன, நான் குடுத்தா என்ன?"

ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு. எத்தனை யோசித்திருப்பார் பாவம். நல்ல மனுஷர். நல்ல மனுஷர். அதனால்தான் எனக்குப் போக்கிடம் இல்லை.

"சரிங்க" என்றேன்.

டிசம்பர் 3, புதன்

பகலெல்லாம் மூட்டம். நாலு மணிக்குக் கிளம்பினேன், பர்ஸில் அவருடைய நோட்டு.

கேபினில் அதே ஜன்னலோர மேஜை. பரிமாறுகிறவர், "வாங்க தீதி" என்றார், கேட்காமலே கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது. கசுந்தி, வெங்காயம், வெள்ளரி.

கையை வைக்க முடியவில்லை. அவர் சுவாமி கும்பிட்டுவிட்டு எடுத்துக் கொடுத்த பணம். அவருக்கு ஆகாததை அவர் காசில் எப்படித் தின்பது? ஆறும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிற்றில் பசி, வாயில் எச்சில். கடைசியில் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். "நல்லா இல்லியா தீதி?" என்று கேட்டார் பரிமாறுகிறவர். உடம்பு சரியில்லை என்றேன்.

வீட்டில் அவர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தேகம் ஒன்றும் இல்லை, ஆசையாகத்தான் கேட்டார்:

"முத முதலா நம்ம பணத்துல என்ன வாங்கினே?"

இத்தனை மாதத்தில் அரசாங்கம் ஒரு தடவை கூட இதைக் கேட்டதில்லை.

எலுமிச்சம்பழம் என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"நல்லதாப் போச்சு, தொண்டைக்கு ஆகும்" என்று எழுந்து போயிருக்கிறார். சமையலறையில் தேடுகிற சத்தம். டப்பாவைத் திறக்கிறார், மூடுகிறார். எங்க வச்சே, கோமதி, கூடையில இல்லியே என்கிறார்.