சூளை மேல் வைத்த மெழுகு வில்லை

மே 4, திங்கள்
காலையிலேயே அனல். எனக்கு இன்னும் லீவுதான். கழுத்து நெறி அப்படியே இருக்கிறது, வலி இல்லை. புதுச்சேரி டாக்டர் போனில்: லிம்போமாதான், நெறியில் வருகிற புற்று; ஆனால் எந்த வெள்ளை அணுவிலிருந்து கிளம்பியது என்று தெரிந்தால்தான் மருந்து முடிவாகும். பி அணுவா, டி அணுவா. சாயம் ஏற்றிப் பார்க்கணும். போன மாதம் இங்கே எடுத்த சதையை மெழுகு வில்லையில் பதித்து வைத்திருக்கிறார்களாம். அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகணும்; வேலைக்குப் போகிற வழியில் லேபில் இவர் வாங்கிக்கொள்வார்.
பால். எலுமிச்சை. இவருக்குச் செருப்பு.

மே 5, செவ்வாய்
நேற்று சாயங்காலம் இவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். வில்லை இருந்த டப்பாவைச் சோற்றுப் பையில் போட்டு, பையைச் சூளை மேல் வைத்திருக்கிறார். செராமிக் கம்பெனியில் எல்லாரும் செய்வதுதான், மதியம் சோறு சூடாக இருக்கும். டப்பாவில் மெழுகு உருகி வழிந்து கிடக்கிறது. நடுவில் மொச்சைக்கொட்டை அளவு சதை. என் கழுத்துச் சதை!
"பழக்க தோசத்துல வெச்சிட்டேன் செல்வி."
"அறிவு இருக்குதா உங்களுக்கு?"
கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் குறைந்தது.
பயமாக இருக்கிறது. மறுபடி கழுத்தில் கத்தி வைப்பார்களோ. அதற்குள் வியாதி எங்கே போய் நிற்குமோ.

மே 6, புதன்
முதல் பஸ்ஸில் புதுச்சேரி. டப்பாவை ஈரத்துணியில் சுற்றி வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தார். லேப் அம்மா திறந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.
"மெழுகு போனா போவுதுங்க, வேற ஊத்திப் பதிச்சிக்கலாம். சதை கருகல. சாயம் புடிக்குதான்னு பாத்துட்டுச் சொல்றோம்."
"நெசமாவாங்க?" என்று இவர் மூன்று தடவை கேட்டார்.
பண்ருட்டியில் பலாச்சுளை. எனக்கு மட்டும் வாங்கினேன்.

மே 12, செவ்வாய்
தூறல். மறுபடி புதுச்சேரி. சாயம் பிடித்துவிட்டது! பி அணு. நெறிக்குள்ளேயே பிறந்த வகையாம்.
டாக்டர்: "மருந்துக்குக் கட்டுப்படுற வகைம்மா. ஆறு தடவை ஊசி. நெறைய பேருக்குக் குணமாவுது, தைரியமா இருங்க."
அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். இவர் டாக்டரைக் கும்பிட்டார், நர்ஸைக் கும்பிட்டார், லேப் கதவையும் கும்பிட்டார். மானம் போகிறது.
திரும்பும் பஸ்ஸில், நெய்வேலி தாண்டி, மெதுவாக:
"இன்னும் கோவமா?"
"ஆமாம்."
"எவ்ளோ நாளைக்கு?"
"இன்னும் முப்பது வருசத்துக்கு."