அப்பா விட்ட இடம்

ஜூன் 12, வியாழன்
அப்பா, அம்மா இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். இப்போதுதான் எழுத முடிகிறது.
ஜூலையோடு அப்பாவுக்கு மில்லில் ஓய்வு. அதற்குப் பிறகு பென்சன் மட்டும்தான். மாதம் மூவாயிரம்கூடத் தேறாது, வாடகைக்கே போய்விடும். வேடசந்தூர்ப் பக்கம் எந்த மில்லிலும் நூலுக்கு ஆர்டர் இல்லையாம். ஓய்வு பெற்றவரை வாட்ச்மேனாகக்கூட எடுக்க மாட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு
அம்மாவின் அண்ணன் வேலுசாமி மாமா வந்திருந்தார். அடுப்படியில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.
"மச்சான், உங்க இடத்துக்கு வீட்டுல இருந்து ஒரு ஆள எடுத்துக்கிறேன்னு மேனேஜரே சொல்றாரு. இருக்கிறவனையே வேலைய விட்டு அனுப்புற காலத்துல இது லேசுல கெடைக்குமா? ஆகஸ்ட்ல புள்ளைக்குப் பதினெட்டு. அனுப்பி விடுங்க."
அப்பா சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.
புள்ளை என்றால் நான்தான். பிளஸ் டூ தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது.

ஜூன் 16
பயமா இருக்கு.

ஜூன் 29, ஞாயிறு
பி.எஃப். பணத்தில் பாதி அப்பாவின் ஆபரேஷனுக்கே போய்விட்டது. மீதி வந்ததும் பேங்கில் போட்டு, தொடவே கூடாது என்கிறார். "எழுபது வயசுல எனக்கு ஒண்ணுன்னா யாருகிட்டப் போயி நிக்க?"
நியாயம்தான். அதுதான் பயத்தைக் கூட்டுகிறது. நியாயமில்லாமல் பேசினால் அழுது சண்டை போட்டிருப்பேனே.
என்னை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுவிடலாமா? கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள் — வேண்டாம்.

ஜூலை 13, ஞாயிறு
மாமா மறுபடி வந்தார். மேனேஜருக்கு நாளைக்குள் பேர் சொல்ல வேண்டுமாம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்:
"நான் போறேன்."
மாமா சிரித்தார். "நீயா? பஸ் ஏறுனாலே வாந்தி எடுப்ப. நாப்பத்தோரு வயசுல மில்லுக்கா?"
"நாப்பத்தொண்ணுதானண்ணே. இன்னும் பதினேழு வருசம் கெடக்கு. அதுக்குள்ள இவ படிச்சு முடிக்க மாட்டாளா?"
"வீட்டுல சோறு பொங்குறது யாரு?"
அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.
"ரசம் வைக்கத் தெரியும். பொரியல், கூட்டுன்னு வெஞ்சனம்தான் பழகணும்."
மாமா காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். நான் கொல்லைப்பக்கம் ஓடிப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எங்கம்மா! எங்கம்மா சொல்லிருச்சு!

ஜூலை 20
கட்டில் காலில் நூலைக் கட்டி, அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவது என்று அம்மாவுக்கு அப்பா காட்டுகிறார். "கையி இம்புட்டு மெதுவா போனா சூப்பர்வைசர் வைவான்." "நீங்க இப்ப வையிறதவிடவா?"

ஆகஸ்ட் 4, திங்கள்
அம்மாவுக்கு முதல் நாள். பஸ்ஸில் வாந்தி எடுத்தாளாம். போய்விட்டுத்தான் வந்தாள். அப்பா வைத்த கத்தரிக்காயில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "மில்லு கேண்டீனே தேவல," என்றாள். ஆனால் தட்டை வழித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 17
கடையில் ஒருவர் எல்லாரும் கேட்கும்படி அப்பாவிடம், "என்ன சோலைமல, பொண்டாட்டி சம்பாத்தியமா?" என்றார். அப்பா தக்காளியைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டே, "ஆமாப்பு. வேலை முடிஞ்சு பசியோட வருவா. உலை வைக்கணும், வாரேன்," என்றார்.
அவர் பக்கத்தில் நிமிர்ந்து நடந்து வந்தேன்.

செப்டம்பர் 6, சனி
பென்சன் வாடகைக்கு. அம்மா சம்பளம் சாப்பாட்டுக்கும் என் படிப்புக்கும். பேங்கில் போட்டதை யாரும் தொடவில்லை. தீபாவளிக்குத் துணி கிடையாது என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார். பரவாயில்லை.
காலையில் அம்மாவோடு தெருமுனை வரை போனேன். மில் பஸ் ஜன்னலில் இருந்து, அம்மாவோடு வேலை பார்க்கும் சகாயசெல்வி அக்கா தலையை நீட்டி, "மாயக்கா, சீட்டுப் பிடிச்சு வச்சிருக்கேன், ஏறு வெரசா!" என்று கத்தினாள்.
எங்கள் தெருவில் அம்மாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சோலைமலை பொண்டாட்டி, கௌசல்யா அம்மா, அவ்வளவுதான்.
அம்மா ஓடிப் போய் ஏறினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கும் ஸ்பெஷல் கிளாஸுக்கு நேரமாகியிருந்தது.