கொழும்பு மண்டபத்தில் சாவு அடி

சனிக்கிழமை, இரவு

எங்கள் மலைத்தோட்டப் பக்கத்து அக்கரப்பத்தனைப் பிள்ளைகளின் ராக் குழு இன்று கொழும்பின் பெரிய மண்டபத்தில் பாடியது. இத்தனை நாள் போனில் மட்டும் கேட்ட குரல்கள். டிக்கெட் அனுப்பியது அண்ணன். அப்பா செத்த அன்று, தன் ஆபீஸ்காரர்கள் வருவார்கள் என்று தோட்டத்து லய வீட்டில் தப்பு மேளம் அடிக்க விடாதவர். அப்பாவைச் சத்தமில்லாமல் தூக்கிப் போனோம். அன்றிலிருந்து அண்ணனோடு எனக்குப் பேச்சில்லை. பாட்டுக்காகத்தான் போனேன்.

கடைசிப் பாட்டில் கிட்டாரை வைத்துவிட்டுத் தப்பை எடுத்தார்கள். சாவு வீட்டு அடி. அது தெரியாமல் கூட்டம் கைதட்டி ஆடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பினால், அண்ணன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறார்.

"என்ன அங்கிள், தேசிய கீதமா? ஆடுங்க!" என்றான் பின்னால் ஒருவன்.

அண்ணன் அசையவில்லை. "அப்பாவுக்கு இதத்தானடா அடிச்சிருக்கணும்?" என்றார்.

"நீங்கதானே வேணாம்னீங்க."

"ஆமாடா. நான்தான்." நனைந்த முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

ஊருக்குத் திரும்பும் ஹட்டன் பஸ்ஸுக்கு நான் போகவில்லை. அண்ணன் வீட்டு ஹாலில் படுத்திருக்கிறேன். கட்டிலை விட்டுவிட்டு அவரும் பக்கத்தில் பாய் போட்டிருக்கிறார். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும்.