எல்லாமே ரெண்டு, நீ மட்டும் ஒண்ணு

டேய்,

காலையில் யு.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வந்திருந்தான். மூடியைத் திறந்ததும் அந்த ஆசிட் வாடை ஆபீஸ் முழுக்கப் பரவியது. "ஜன்னலைத் தொறடா" என்று உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். நீ போனபோது ஆரம்பித்த மழையே இன்னும் ஓயவில்லை. பழக்கம் எப்படிப் போகும்?

உஸ்மான் ரோட்டு ஜவுளிக்கடைக்கு பில் போடும் கம்ப்யூட்டர் அமைக்கும் வேலை நமக்குக் கிடைத்தபோது போட்டுக்கொண்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? கவுன்ட்டருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றேன் நான். கீழ்த்தளத்தில் ஒரே பெரிய மெஷின், கவுன்ட்டர்களில் வெறும் திரையும் கீபோர்டும் என்றாய் நீ.

"பத்து புள்ள பெத்துக்கினு யாரு மச்சி பாத்துக்கிறது? ஒண்ணு போதும். நான் வளத்துக் காட்டுறேன்."

"அது படுத்துண்டா கடையே படுத்துடுமேடா!"

உன் சைதாப்பேட்டை வாய்க்கு முன்னால் என் மயிலாப்பூர் தர்க்கம் என்றைக்கு நின்றது? ஆனாலும் என் பயத்துக்காக எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்தாய். டிஸ்க் இரண்டு, யு.பி.எஸ். இரண்டு, டெலிபோன் லைன்கூட இரண்டு. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் கரண்ட் போயும் பில் நிற்கவில்லை. கடை முதலாளி அண்ணாச்சி படியிறங்கி வந்து உன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

உனக்கு உதவிக்கு ஆள் எடுக்கலாம் என்று நான் கூட்டிவந்தவர்களை எல்லாம் நீதான் விரட்டினாய். நிறைய மார்க் வாங்கியவன் வந்தால், "பாஸ்போர்ட்ட பாக்கெட்ல வெச்சுக்கினு வந்துகீறான், விசா வந்தா பறந்துடுவான்" என்பாய். மார்க் இல்லாதவன் வந்தால், "மெஷின் மேல டீ கிளாஸ் வெக்கிற மூஞ்சி." கடைசியில், "நான் கீறேன்ல, இன்னொருத்தன் இன்னாத்துக்கு?" உன் மெஷினை வேறொருவன் தொடுவதே உனக்குப் பொறுக்காது, அதுதான் விஷயம்.

மெஷினுக்கு மாதம் தவறாமல் சர்வீஸ். உனக்கு? நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வயர் இழுத்தாய். டாக்டரைப் பார்க்கலாம் வாடா என்றால், "கேஸ் மச்சி, சோடா குடிச்சா பூடும். தீபாவளி முடியட்டும்." தீபாவளிக்கு முன்னால் நீ முடிந்துவிட்டாய், பாவி.

உன் காரியம் முடிந்த அந்த வாரமே மெஷின் நின்றது. டிஸ்க் இரண்டும் நன்றாக இருந்தன. கரண்ட் இருந்தது. கோளாறு, நீ அவ்வப்போது ஒட்டுப்போட்டு வைத்திருந்த புரோகிராமுக்குள் எங்கோ. அதன் சூட்சுமம் உன் ஒருத்தன் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. மேலே பண்டிகைக் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது, கையால் பில் எழுதினார்கள். கீழே நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"தம்பி, மனசு கேக்கல. ஆனா யாவாரம்லா? வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

இப்போது அங்கே கவுன்ட்டருக்கு ஒரு கம்ப்யூட்டர். சண்டையில் ஜெயித்துவிட்டேன்டா. இந்த ஜெயிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணட்டும்?

நமக்கு மிச்சம் இருக்கும் வாடிக்கை அடையாறு கிளினிக் ஒன்றுதான். அதிலும் நீ போட்ட அதே மாதிரி மெஷின். அது நின்றால் நம் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் கிளினிக்தானோ என்று பயந்துகொண்டே எடுக்கிறேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. என்னால் தனியாக முடியவில்லை.

இன்று மதியம் ஆள் எடுத்தேன். ஒருவருக்குத்தான் வேலை இருக்கிறது, ஒரு பெண், ஒரு பையன் என்று இருவரை எடுத்தேன். கம்ப்யூட்டர் பற்றி ஏதேதோ கேட்க நினைத்து உட்கார்ந்தவன், வேறொன்றைக் கேட்டுவிட்டேன்.

"நெஞ்சு வலிச்சா வாயைத் தொறந்து சொல்லுவியா?"

அந்தப் பெண் மிரண்டுபோய்த் தலையாட்டினாள். பையன் சிரித்துவிட்டான்.

"அதெப்டி சார் யாராவது சொல்லாம இருப்பாங்க?"

ஒருத்தன் இருந்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில் இரண்டு பேரையும் நாளைக்கே வந்துவிடச் சொன்னேன்.